கை உயர்ந்தால்

இருபத்துமூன்று நாள்
இடக்கன்னத்தை அறைந்துகொண்டிருந்தான் நிபால்டோ.
பராமரிப்பு இல்லத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள்:
நடத்தைக் கோளாறு.
பெயருக்கு ஒரு மாத்திரை. பிறகு
அரை மாத்திரை கூடுதல்.
சூப்பைத் துப்பினான், பிடிவாதம் என்றார்கள்.
தூங்கவில்லை, பௌர்ணமி என்றார்கள்.

இரவில் தரை துடைக்க வரும் எதுவினாதான் சொன்னாள்,
வாளியைக் கீழே வைக்காமலே:
"உங்க தம்பி பாலை வலப்பக்கமாவே குடிக்கிறார்.
எங்கப்பனும் அப்படித்தான் குடிச்சார்,
கடைவாய் அழுகினப்போ."

பல் போனால் சொல் போகும்.
சொல்லே வராதவனுக்குப் பல் வலித்தால்
கன்னம்தான் வாய்,
கைதான் நாக்கு.

வல்பரைசோவில் எங்கள் குன்றின் மின்தூக்கி
பிப்ரவரியிலிருந்து பழுது.
நூற்று அறுபத்தெட்டுப் படி.
சக்கர நாற்காலிக்கு முன்னால் நான்,
பின்னால் மீன்கடைப் பையன்கள் இருவர்,
நடுவில் அவன், நாற்பத்தொரு வயது ராஜா,
எங்களை அடித்தபடி.

முதல் இடத்தில் நாற்காலி கதவில் நுழையவில்லை.
இரண்டாவதில் நுழைந்தது.
இதய வால்வு என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.
மூன்றாவதில்,
மயக்கம் கொடுத்துத்தான் முடியும்,
வரிசையில் பதினொரு மாதம்.
கோப்பின் மேல் சிவப்பு முத்திரை:
ஒத்துழையாதவர்.
இரண்டு வயதில் அவன் நெஞ்சைத் திறந்து தைத்தார்களே,
அப்போது ஒத்துழைத்தது
எந்தக் கோப்பில் இருக்கிறது?

நான்காவது, டாக்டர் உர்ரெஹோலா.
அவனை இறக்கவே சொல்லவில்லை.
வாயைத் திற என்றும் சொல்லவில்லை.
அன்று தொற்றுக்கு மருந்து மட்டும்.
நான்கு நாள் கழித்துப் போனால்
அவரே அந்த நீள நாற்காலியில் ஏறிப் படுத்தார்.
கண்ணாடிக் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு
ஆ என்றார்.

நிபால்டோ நெடுநேரம் பார்த்தான்.
ஒரு பல் டாக்டர் வாயில் இத்தனை அடைப்பா
என்று நானும் எட்டிப் பார்த்தேன்.
ஒன்றைத் தட்டினான். டிங்.
சிரித்தான்.
சிரித்தபோதுதான் தெரிந்தது அந்தக் கடைவாய்,
கருகிய சோளமுத்துப் போல.

அப்புறம் ஒப்பந்தம்:
ஐந்து வரை எண்ணுவேன்.
நீ கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்.

தூக்கினான். நிறுத்தினார்.
தூக்கினான். நிறுத்தினார்.
சும்மா தூக்கிப் பார்த்தான்,
அதற்கும் நிறுத்தினார்.
பதினான்காவது தடவை
மூலையில் நின்ற நான்
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு பன்னிரண்டு வருஷம்
ஞாயிறுதோறும் வீட்டுக்கு அழைத்துவந்து
நான்தான் அவனுக்குப் பல் துலக்குவேன்.
தலையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி,
ரெண்டே நிமிஷம்டா, ரெண்டே நிமிஷம்.
அவன் கை உயரும்.
என் தாடையில் பட்டிருக்கிறது.
ஒருமுறை மூக்குக்கண்ணாடி உடைந்திருக்கிறது.
அதை அடி என்றே
நினைத்திருந்தேன்.

மறுவாரம், மரத்துப்போகும் ஊசிக்குப் பின்
பல் வந்தது, மூன்று வேரோடு.
கையுறைக்கு மேல் ஒரு கடி வாங்கிய டாக்டர்
விரலை உதறிக்கொண்டே,
"கடி பலமாத்தான் இருக்கு,
மிச்சம் இருபத்தாறையும் பார்த்துக்கலாம்" என்றார்.

இன்னும் சில நேரம் அறைந்துகொள்கிறான்.
இப்போது வலக்கன்னம்.
அதற்கு யாரையும் பெயர் வைக்க விடவில்லை,
செவ்வாய்க்கிழமை காட்ட வேண்டும்.

இந்த ஞாயிறு
குளியலறையில் அவன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
ஒன்று.
இரண்டு.
கை உயர்ந்தது.
நிறுத்தினேன்.

நுரை அவன் தாடையில் வழிந்து
சட்டைக்குள் இறங்குகிறது.
ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்தில்
கிரேன் ஒன்று பெட்டியைத் தூக்கி
அந்தரத்திலேயே வைத்திருக்கிறது.
அவன் கையை இறக்கவில்லை.
எனக்கொன்றும் அவசரமில்லை என்கிறேன்.
பொய்தான்,
ஒன்பதரைக்கு டாக்சியை எடுக்க வேண்டும்.